இரண்டு வாயில், ஒரே கல்லா!



நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் அறிந்த பழைய தந்திரம் ஒன்று உண்டு. குழுவில் ஆள் குறைவு, வேடமோ அதிகம். எனவே, மணிமுடி தரித்து மேடையின் இடப்புறமிருந்து வந்து மார்தட்டிய மன்னன், திரைமறைவுக்குச் செல்வான், முடியைக் கழற்றுவான், தாடியை ஒட்டுவான், தண்டத்தை ஏந்துவான், வலப்புறமாக வந்து நின்று அருளுரை வழங்குவான். கொட்டகை கைதட்டும். முன் வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும், “டேய், அதே ஆளுடா!” என்று கூவுவான். பக்கத்தில் இருப்பவர்கள் அவன் தலையில் குட்டுவார்கள்!

இன்று நான் அந்தச் சிறுவனாக நிற்க விரும்புகிறேன். குட்டுபவர்கள் குட்டட்டும்.

சில திங்களுக்கு முன்பு ஒரு மாலை. காசிமேட்டுப் பக்கம் தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, தொண்டைக்குச் சூடாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். நம் இளைஞன் ஒருவன் அருகே வந்து நின்றான். கூட்டங்களில் கொடி கட்டுபவன், மேசை தூக்குபவன், நான் நாடகம் போட்டால் விளக்குப் பிடிப்பவன். விசைப்படகில் கூலிக்குச் செல்லும் கடலோடி. முகத்தில் களை இல்லை. கைப்பேசியை நீட்டினான்.

“அண்ணே, இங்க பந்தயத்துல விட்டுட்டேன். அதைப் பிடிக்கலாம்னு இன்னொரு இடத்துல கேசினோ ஆடினேன். அங்கயும் போச்சு. ரெண்டு கம்பெனியும் சேர்ந்து என்னைக் கவுத்துட்டாங்கண்ணே.”

இரண்டு கம்பெனி! வாங்கிப் பார்த்தேன். ஒன்று பச்சை வண்ணம். மட்டையும் பந்தும் படமாக மின்னின. மற்றொன்று கருஞ்சிவப்பு, சக்கரமும் சீட்டும் தகதகவென்று சுழன்றன. பெயர் வேறு, சின்னம் வேறு, சிரித்து நிற்கும் சிங்காரியின் படமும் வேறு. ஆனால், தோழர்களே, பணம் கட்டுவதற்குக் காட்டிய கட்டம்போட்ட சதுரப்படம் ஒன்றே! குறை சொல்வதற்குக் கொடுத்திருந்த வாட்ஸ்அப் எண் ஒன்றே! இதில் இருந்த எழுத்துப் பிழைகூட அதில் அப்படியே இருந்தது. ஒரு கடையில் தோற்றவன் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறான். எதிர்க்கடையும் அதே முதலாளியுடையது. இடப்புறம் மன்னன், வலப்புறம் முனிவன். மேடையில் இருப்பவனோ ஒரே ஆள்!

அந்தத் தளங்களின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதி என்ன பயன்? அச்சுக்கூடத்தில் மை உலர்வதற்குள் அவன் பெயரை மாற்றிக்கொள்வான்.

“எந்தக் கடை நல்ல கடைண்ணே? எதுல கம்மியா போகும்?” என்று கேட்டான் அந்தத் தம்பி. சிரிக்காதீர்கள். வெகுளித்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் விடை தெரிந்துகொள்ளவேண்டிய கேள்வி. கல்லூரி வாயிலைப் பாதியில் விட்டுத் திரும்பியவன் நான். ஆயினும் பெருக்கல் வகுத்தல் மறந்துபோகவில்லை. வாருங்கள், கணக்குப் போடுவோம்.

முதலில் பந்தயக் கடை. இரண்டு அணிகள், இரண்டும் சமவலிமை. நியாயமான பந்தயம் என்றால், நூறு ரூபாய் கட்டி வென்றவனுக்கு இருநூறு ரூபாய் கிடைக்கவேண்டும். கடைக்காரன் என்ன எழுதி வைக்கிறான்? இரு அணிக்கும் 1.90 என்று எழுதுகிறான். அதாவது நூறு கட்டினால் 190. ஒருவர் இந்த அணிக்கு நூறு, ஒருவர் அந்த அணிக்கு நூறு. கல்லாவில் விழுந்தது 200. வென்றவருக்குச் சென்றது 190. பத்து ரூபாய் கல்லாவிலேயே தங்கிவிட்டது. எந்த அணி வென்றால் அவனுக்கென்ன? யார் தோற்றால் அவனுக்கென்ன? நூற்றுக்கு ஐந்து ரூபாய் அவன் பங்கு.

அடுத்து, கேசினோ. அங்கே சுழல்கிறதே ரூலெட் சக்கரம், அதிலே சுழியம் தொடங்கி 36 வரை 37 பள்ளங்கள். ஒரு எண்ணில் ஒரு ரூபாய் வைத்து வென்றால் 35 ரூபாயும் வைத்த ரூபாயும் வரும். சரி, 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வையுங்கள். நிச்சயமாக வெல்வீர்கள்! போட்டது 37, வந்தது 36. ஒரு ரூபாய் போயிற்று. நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சுழியம் என்று மேலும் ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அதிலே நூற்றுக்கு ஐந்தேகால் ரூபாய்க்கு மேல் போகும். நாம் முதற்சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம்.

“அப்படின்னா கேசினோதானே தேவலாம்?” என்றான் தம்பி. பந்தயக்காரன் ஐந்து பிடிக்கிறான். சக்கரக்காரன் மூன்றுகூடப் பிடிக்கவில்லையே! ஆம், அப்படித்தான் தோன்றும். அங்கேதான் இருக்கிறது சூழ்ச்சியின் சூட்சுமம்!

ஒரு மாலை ஆட்டத்துக்கு நூறு ரூபாய் பந்தயம் கட்டினால், மூன்றரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். சராசரியாக அந்த மாலையின் இழப்பு ஐந்து ரூபாய். சக்கரமோ நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. சுற்றுக்கு நூறு ரூபாய் என்றால் மணிக்கு 6,000 ரூபாய் புரள்கிறது. நூற்றுக்கு 2.70 வீதம் மணிக்கு 162 ரூபாய். அதே மூன்றரை மணி நேரத்தில் 567 ரூபாய்! கையில் ஆயிரம்தான் இருந்தது. எப்படி இருபத்தோராயிரம் கட்டினான் என்று கேட்கிறீர்களா? வென்றதை மறுபடி கட்டினான். அதை வென்றதும் மறுபடி கட்டினான். ஒரே ஆயிரம் இருபத்தொரு முறை அந்தக் கல்லாவைக் கடந்து சென்றது. கடக்கும்போதெல்லாம் சுங்கம் செலுத்திச் சென்றது!

குறைந்த வரி விதிப்பவன் கருணையுள்ளவன் அல்லன், தோழர்களே. அவன் உங்களை அடிக்கடி அந்தச் சாவடி வழியே நடத்துபவன்.

இனி மூன்றாவது காட்சி. சக்கரம் சம்பாதிப்பதைப் பந்தயக் கடை பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? இரண்டுக்கும் உரிமையாளன் ஒருவனாயிற்றே! அவன் வலக்கை கற்றதை இடக்கைக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆட்டத்தில் யார் வெல்வார் என்ற பழைய பந்தயத்தோடு, அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த பந்து நான்கா ஆறா விக்கெட்டா என்று பந்துக்குப் பந்து பந்தயம் வைத்தான். இருபது ஓவர் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து 240 பந்துகள். பந்துக்கு நூறு ரூபாய், நூற்றுக்கு ஐந்து ரூபாய்ப் பிடிப்பு. ஒரு மாலைக்கு இழப்பு 1,200 ரூபாய். கேசினோவின் வேகமும் பந்தயத்தின் வரியும் கைகோத்துக்கொண்டன! இப்போது சொல்லுங்கள், எது விளையாட்டுப் பந்தயம், எது சூதுச் சக்கரம்? மட்டை பிடித்தவன் படத்தை மேலே ஒட்டிவிட்டால் சக்கரம் கிரிக்கெட் ஆகிவிடுமா?

வேறொரு வலையும் இருக்கிறது. “முதன்முறை ஆயிரம் கட்டினால் ஆயிரம் இலவசம்!” என்று வரவேற்கிறார்கள். இலவசத்தின் அடியிலே சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு நிபந்தனை. அந்தத் தொகையை முப்பது முறை ஆடிய பிறகே வெளியே எடுக்கலாம். அதாவது 30,000 ரூபாய்க்கு ஆடித் தீர்க்கவேண்டும். நூற்றுக்கு நான்கு பிடிக்கும் ஆட்டத்தில் ஆடினால் 1,200 ரூபாய் போகும். ஆயிரம் ரூபாய் ‘பரிசு’ பெற ஆயிரத்து இருநூறு கப்பம்! பந்தயக் கடையில் கொடுத்த பரிசைப் பெரும்பாலும் கேசினோவில் ஆடித்தான் தீர்க்க முடியும் என்று வழி வைத்திருப்பான். அந்த வாயிலில் வந்தவனை இந்த வாயிலுக்குத் தள்ளும் கை அது.

ஏன் தள்ளுகிறான்? ஆட்டம் மாலையில்தான். காலையில் ஏது? நள்ளிரவில் ஏது? மழை பெய்தால் ஏது? சக்கரத்துக்கு மழையும் இல்லை, இரவும் இல்லை. பந்தயம் ஆளைப் பிடித்து வருகிறது. கேசினோ ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முன்னது ஆளின் செருக்கைத் தொடுகிறது. “எனக்குக் கிரிக்கெட் தெரியும், இந்தப் பையன் ஆடுகளத்துக்குத் தகுந்தாற்போல் பந்து போடுவான், எனக்குத் தெரியாதா?” என்று அவனையே அவன் மெச்சிக்கொள்ளச் செய்கிறது. பின்னது செருக்கு உடைந்தவனின் பதற்றத்தைத் தொடுகிறது. “விட்டதைப் பிடி” என்கிறது.

வள்ளுவப் பெருந்தகை சூதில் வரும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். குறளில் சூதுக்கென்று ஒதுக்கிய அதிகாரம் 94. கள்ளுண்ணாமை முன்னால் நிற்கிறது. மருந்து அதிகாரம் பின்னால் நிற்கிறது. கடலோடிகளிடம் தூண்டிலைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. நாள் முழுதும் மீனுக்கு இரை கோத்தவன், இரவிலே தான் இரையைக் கவ்வுகிறானே, அதைத்தான் எண்ணி எண்ணி நெஞ்சு வேகிறது.

இது ஏதோ காசிமேட்டில் ஒரு பையன் கண்ட கனவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தியாவே பார்த்த வழக்கு ஒன்று இருக்கிறது. மகாதேவ் என்ற பெயரில் நடந்த ஆன்லைன் பந்தய வலை. சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாய் நகரத்தவர்களான சௌரப் சந்திரகர், ரவி உப்பல் இருவரும் துபாயிலிருந்து நடத்தினார்கள் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. அங்கே கிரிக்கெட், டென்னிஸ், கால்பந்து என்று பந்தயமும் உண்டு. தீன்பத்தி, போக்கர் என்று சீட்டாட்டமும் உண்டு. ‘பேனல்’ எனப்படும் கிளைகளை ஊர் ஊராகக் குத்தகைக்கு விட்டு, இலாபத்தை எழுபதுக்கு முப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். கிடைத்த பணம் சுமார் 6,000 கோடி ரூபாய் என்றும் அத்துறை சொல்லிற்று. 2023 நவம்பர் 5 அன்று ஒன்றிய அரசு 22 தளங்களை முடக்க ஆணையிட்டது. மகாதேவும் ரெட்டி அண்ணா என்ற பெயர் தாங்கிய தளமும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! வடக்கே போனால் கடவுள் பெயர். தெற்கே வந்தால் அண்ணன் பெயர்!

வேறு வகையான வேடமும் போட்டார்கள். சூதாட்ட விளம்பரம் கூடாது என்றதும் செய்தித்தளம் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்எக்ஸ்பெட், பாரிமேட்ச், ஃபேர்பிளே போன்றவை செய்தி, வலைப்பதிவு என்ற போர்வையில் தொலைக்காட்சியில் தோன்றுவதைக் கண்டு, 2022 அக்டோபரில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் ஒன்எக்ஸ்பெட் விவகாரத்தில் சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் ஆகிய முன்னாள் ஆட்டக்காரர்களின் சுமார் 11 கோடி ரூபாய்ச் சொத்துக்களை அமலாக்கத்துறை முடக்கியது. வழக்கு எப்படி முடியுமோ, அது வழக்கு மன்றத்தின் பாடு. நான் கேட்பது வேறு: நம் பையன்கள் சுவரில் ஒட்டி வைத்திருந்த படங்கள் யார் கடைக்கு விளம்பரப் பலகை ஆயின?

நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். எல்லோரும் கள்ளப் பெயரில் கடை நடத்தியவர்கள் அல்லர். ரம்மிசர்க்கிளும் மைலெவன்சர்க்கிளும் கேம்ஸ் 24x7 என்ற ஒரே நிறுவனத்தின் கடைகள்; அது ஊரறிந்த செய்தி, அவர்கள் மறைத்ததும் இல்லை. ஜங்லி நிறுவனமும் அவ்வாறே சீட்டுக்கு ஒரு கடை, கிரிக்கெட் அணி சேர்ப்பதற்கு ஒரு கடை என்று வைத்திருந்தது. அவர்கள் வரி கட்டினார்கள், வழக்கு மன்றம் ஏறினார்கள், வாதாடினார்கள். கள்ளக்கடையையும் அவற்றையும் ஒரே தட்டில் வைத்தல் அறமாகாது. ஆயினும் ஒரு கடையில் சேர்ந்த கூட்டத்தை மறு கடைக்கு அழைத்துச் செல்லும் வணிக உத்தி மட்டும் இரு சாராருக்கும் பொதுவே.

அந்த வழக்கு மன்ற வாதத்தைச் சற்றுக் கவனியுங்கள். திறமையா, அதிர்ஷ்டமா? இதுதான் கேள்வி. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் சொல்லிவிட்டது. கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கலைஞர் ஆட்சி 1974-இல் சட்டம் செய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறமையே என்றது. 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் வந்தது. அதன் வழியே வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு. 2022 ஜூனில் அறிக்கை. அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம். அதே திங்கள் 19-ஆம் நாள் சட்டமன்றத்தில் மசோதா. பிறகு? பிறகு கிண்டி மாளிகையில் கோப்பு உறங்கிற்று! அவசரச் சட்டம் நவம்பர் 27-இல் காலாவதியாயிற்று. சட்டமன்றத்துக்கு இதைச் செய்ய அதிகாரமே இல்லை என்ற காரணத்தோடு 2023 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-இல் பேரவை மீண்டும் நிறைவேற்றிற்று. ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. இடைப்பட்ட நான்கரைத் திங்கள் இந்த மாநிலத்தில் அந்தத் தடுப்புச் சுவர் இல்லை.

அதிகாரம் இல்லையாம்! அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியல், 34-ஆவது இனம்: பந்தயமும் சூதாட்டமும். எழுதி வைத்தவர்கள் மறந்துவிடவில்லை, படிக்கவேண்டியவர்கள்தாம் மறந்துவிட்டார்கள். சீரழிவது எங்கள் தெரு. அழுவது எங்கள் தாய். அதைத் தடுக்கும் சட்டத்துக்கு முத்திரை வைக்க மட்டும் வேறோர் இடத்தில் நாள் பார்க்கவேண்டும்! மாநில உரிமை என்று நாம் மேடையில் முழங்கும்போது அது ஏதோ கோட்டைக்குள் நடக்கும் கோப்புச் சண்டை என்று எண்ணுவோர் உண்டு. அந்தக் கோப்பு ஒரு நாள் தாமதமானால் ஒரு நாள் கல்லா திறந்திருக்கிறது. மாநில உரிமை என்பது அதுதான்.

பின்னர் 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமென்று பட்டியலிட்டது செல்லாது என்றது. மறுபடியும் அதே தராசு! நீதிமன்றங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று தராசு பிடித்து நின்றன; கல்லாக்காரனோ கடிகாரம் பிடித்து நின்றான். ஆட்டம் எத்தகையது என்பதா அவன் கவலை? மணிக்கு எத்தனை முறை என்பதுதான் அவன் கவலை. இதைப் புரிந்துகொண்ட சட்டம் ஒன்று இங்கேதான் பிறந்தது. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் நுழைய முடியாது. ஆதார் சரிபார்த்த பிறகே ஆட முடியும். ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. தராசை ஒதுக்கி வைத்துக் கடிகாரத்தின் மீது கைவைத்த முதற் காரியம் அது. எனக்குப் பெருமை!

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் விழித்தது. மூன்றே நாளில் மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல்! திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை தண்டம். மாநிலச் சட்டமன்றம் செய்தபோது அதிகாரக் குறைவு. தில்லி செய்தபோது மூன்று நாள் விரைவு! போகட்டும். வரி கட்டிய கடைகள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அந்த ஆகஸ்டிலேயே நிறுத்தின. மூடாதது எது? தம்பியின் கைப்பேசியில் நான் கண்ட கடை. அதற்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவனுக்குச் சம்மன் அனுப்புவது எங்கே?

முகவரி இல்லை என்றேன். அது பாதிதான் உண்மை. முதலாளியின் முகவரிதான் கடல் தாண்டியது. ஏஜென்டின் முகவரி நம் தெருவிலேயே இருக்கிறது.

ஏன் நம் தெருவைத் தேடி வருகிறான்? இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் மக்களின் வாழ்வைப் பாருங்கள். காத்திருப்பே வாழ்வாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் பெருகவேண்டும், நியாயமான தடை. நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகு கரையில், ஆள் திண்ணையில். சரியாக அந்த நாட்களில்தான் ஐபிஎல் ஆட்டங்கள் உச்சத்தில்! மார்ச்சில் தொடங்கி மே முழுவதும் மாலைதோறும் திருவிழா. கையிலே நிவாரணம், கண்ணிலே ஆட்டம், காலத்துக்கோ பஞ்சமில்லை. கள்ளக்கடைக்காரன் பஞ்சாங்கம் பார்த்துக் கடை போட்டாலும் இதைவிட நல்ல நாள் அமையாது!

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கமுடியாது. வண்டி நகரவும் செய்யாது. மணிக்கணக்கில் கையில் கைப்பேசி. திருவொற்றியூர், மணலித் தொழிற்சாலை வாயில்களில் ஒப்பந்தத் தொழிலாளி நாளை வேலை உண்டா என்று மேற்பார்வையாளரின் அழைப்புக்குக் காத்திருக்கிறான். அவனுடைய வாழ்க்கையே அடுத்த பந்து எப்படி விழும் என்று தெரியாத வாழ்க்கை. அப்படிப்பட்டவனுக்குச் சூது புதிய உலகமா என்ன? அவன் தினமும் ஆடும் ஆட்டத்தைத்தான் வண்ணம் பூசிக் காட்டுகிறார்கள்.

இதே வடசென்னையில்தான் 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் சங்கம் பேசினார்கள். இந்தக் காலத்து இளைஞனிடம் நான் குறை காணவில்லை. நிரந்தர வேலை இருந்தது, ஆலை வாயில் இருந்தது, அங்கே கூட்டம் போட்டோம். இன்று ஆளுக்கொரு ஒப்பந்தக்காரன், ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு கைப்பேசி. எந்த வாயிலில் நின்று நாம் பேசுவது?

இனி நம்மைப் பற்றி. இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் எனக்கு மாலை போடுவீர்கள்; எழுதினால் சிலர் முகம் சுளிப்பீர்கள். எழுதுகிறேன். தெருவில் ‘ஐடி’ போட்டுக் கொடுக்கிறானே ஏஜென்டு, அவன் எங்கிருந்தோ வந்தவனா? நம் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று நம்மோடு படம் எடுத்துக்கொண்டவன்! பணம் வாங்கவும் அனுப்பவும் வங்கிக் கணக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள்; திங்களுக்குச் சில ஆயிரம் தருகிறார்கள்; “சும்மா கிடக்கிற கணக்குதானே” என்று பாஸ்புக்கையும் சிம் அட்டையையும் தூக்கிக் கொடுக்கிறான் நம் பையன். நாளை காவல்துறை கணக்கை முடக்கும்போது சூதாட்ட முதலாளியின் பெயர் எந்தத் தாளிலும் இராது. நம் பையன் பெயர்தான் இருக்கும். நம் பகுதியில் நடக்கும் கிரிக்கெட் போட்டிக்குக் கோப்பை கொடுத்தவர் யார், சட்டை அடித்துக் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்டோமா? பதாகையில் நம் தலைவர் படம் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்!

வரலாற்றையும் மறைக்கவேண்டாம். 1968-இல் அண்ணா ஆட்சியில்தான் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கிற்று. கருவூலம் வறண்டிருந்தது; காரணம் இருந்தது. ஆனால் சீட்டு பெருகிற்று. பிற மாநிலச் சீட்டுகள் புகுந்தன. கூலியில் பாதி சீட்டுக் கடையில் விழுந்தது. 2003-இல் ஜெயலலிதா ஆட்சி இலாட்டரிக்குத் தடை விதித்தது. எதிரணி செய்தது என்பதற்காக நல்லதை நல்லதல்ல என்று சொல்ல நான் பேனா பிடிக்கவில்லை. அந்தச் சீட்டுக் கடை வாயிலில் நின்றிருந்த தாய்மார்களின் மகன்கள்தாம் இன்று கைப்பேசியின் வாயிலில் நிற்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. சீட்டுக் கடைக்கு வாசற்படி இருந்தது. அங்கே நின்றவனை அண்டை வீட்டார் பார்த்தார்கள், வீட்டில் சொன்னார்கள். இது போர்வைக்குள் நடக்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன், பகுதிதோறும் நம் படிப்பகங்களில் ஒரு கரும்பலகை வையுங்கள். மேலே நான் போட்ட கணக்கைச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள்: 37 போட்டு 36 எடுக்கும் கணக்கு, 240 பந்துக்கு 1,200 ரூபாய்க் கணக்கு. அதன் கீழே 1930 என்ற எண்ணை எழுதுங்கள். இணையத்தில் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே அழைக்கவேண்டிய எண் அது. (நம் மாநிலச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் பிறந்த ஆண்டும் 1930 என்பது தற்செயல்தான், நினைவில் நிற்க உதவும்.) தோற்றவன் வந்து நின்றால் ஏளனம் செய்யாதீர்கள். ஏளனத்துக்கு அஞ்சித்தான் அவன் இன்னொரு வாயிலுக்குப் போகிறான். மீட்டர் வட்டிக்காரனிடம் போகிறான். கடன் கொடுக்கும் செயலியிடம் போகிறான். அதற்கும் அப்பால் அவன் போகிற வழியை எழுத என் பேனா நடுங்குகிறது. அந்த வழியில் போனவர்களின் செய்தியை நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

அன்று தேநீர்க் கடையில் கணக்கை நான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. போனது அவன் அம்மாவின் ஏலச்சீட்டுப் பணம். “அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களாண்ணே?” என்று கேட்டான். “நீதான் சொல்லவேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்றேன். போனோம். அந்த அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், அவனுக்குச் சோறு போட்டார். எனக்கும் போட்டார்.

இதை ஒரு தெரு நாடகமாக எழுதியிருக்கிறேன். பெயர்: ‘இரண்டு வாயில்’. மேடை நடுவே ஒரு திரை; இடப்பக்கம் பந்தயக் கடை, வலப்பக்கம் கேசினோ; இரண்டு முதலாளியும் ஒரே நடிகன். ஏப்ரல் 15-க்குள் காசிமேட்டில் அரங்கேற்றவேண்டும் என்பது என் எண்ணம். தம்பியிடம், “முதலாளி வேடம் உனக்குத்தான், அவனை அருகிலிருந்து பார்த்தவன் நீ” என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

“வேணாண்ணே. முன் வரிசையில உட்கார்ந்துட்டு, அதே ஆளுடான்னு கத்துவானே ஒரு பையன், அந்த வேஷம் எனக்குக் குடுங்க.”